பொருளைத் திருடிய கையும் மானத்தைத் திருடிய கையும்





சென்ற ரமளானின் கடைசிப் பத்தில், எங்கள் படவேட்டுப் பகுதியைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பக்கத்து நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சென்ட் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியேற முயன்றபோது பிடிபட்டான். அதன் விலை 180 ரூபாய். கடை ஊழியர்கள் அவனைச் சுவரோரம் நிறுத்தினார்கள். பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் பெயரையும் தந்தையின் பெயரையும் ஊரையும் சொல்லவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு அனுப்பிவிட்டார்கள். அஸருக்குப் பின் நடந்த இந்நிகழ்ச்சி, தராவீஹ் முடிவதற்குள் எங்கள் பகுதியின் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது.

அவன் என்னிடம் ஓதுகிற பிள்ளை. அந்தக் காட்சியை நானும் பார்த்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, "இவன் நம் மதரஸா பையன்தானே?" என்று கேட்டு இன்னொரு உஸ்தாதுக்கு அனுப்பியும் வைத்தேன். இதை மறைத்துவிட்டுப் பிறருக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெருநாள் தொழுகைக்கு அவன் வரவில்லை. மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை கூலிக்குப் பட்டு நெய்பவர். தறியிலிருந்து எழாமலேயே அவர் கேட்டார்: "ஹஜ்ரத், அவன் செஞ்சது தப்புதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இனிமே எந்த முகத்தோட அவன் பள்ளிவாசலுக்கு வருவான்?" பையனை அதற்குள் பெங்களூருவில் உள்ள ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் ஓதலும் அன்றோடு நின்றுபோயின.

இங்கே நடந்த குற்றங்கள் இரண்டு. ஒன்று 180 ரூபாய்ப் பொருள். அது அந்தக் கடையிலேயே திரும்பி வந்துவிட்டது. மற்றொன்று ஒரு சிறுவனின் மானம். அது இன்றுவரை திரும்பவில்லை. முதற்குற்றத்தைச் செய்தவன் ஒருவன். இரண்டாவதைச் செய்தவர்கள் நாம் அனைவரும். ஆனால் தண்டனை பெற்றவன் அந்த ஒருவன் மட்டுமே. இதை எந்த மார்க்கம் நீதி என்கிறது?

சிறிய திருட்டு என்று ஒன்று இல்லை

நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். "ஒரு சாக்லேட்தானே, பிள்ளைதானே, விடுங்கள்" என்று சொல்லும் பெற்றோருக்கு என் முதற்கண்டனம்.

நபி (ஸல்) அவர்களின் பேரர் ஹசன் (ரலி) அவர்கள் சிறு குழந்தையாக இருந்தபோது, ஸதகாவாக வந்த பேரீச்சம்பழங்களில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நபியவர்கள் அதை உடனே துப்பவைத்தார்கள். நமக்கு உரிமையில்லாதது அது என்பதையும் அந்தக் குழந்தைக்குச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரே ஒரு பழம். அதுவும் மழலைப் பருவம். "பிள்ளைதானே" என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அதேவேளை ஊரைக் கூட்டவும் இல்லை.

பிறர் பொருள் தொடர்பான பாவத்துக்குத் தவ்பாவின் நிபந்தனைகள் நான்கு என்பதை நம் மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ள வேண்டும், உரியவருக்குப் பொருளைத் திருப்பித் தர வேண்டும். நான்காவது இல்லாமல் முதல் மூன்றும் நிறைவடையா. பிள்ளையின் பையில் விலைச்சீட்டோடு ஒரு புதுப் பொருளைக் கண்டுவிட்டு, "இனிமேல் செய்யாதே" என்று அதட்டி, பொருளை வீட்டிலேயே வைத்துக்கொள்கிற தாய்தந்தையர் அந்தப் பாவத்தில் பங்காளிகள் ஆகிறார்கள். கடைக்குச் சென்று திருப்பிக் கொடுங்கள். நேரில் சொல்ல நாணமாக இருந்தால், எந்த வழியிலேனும் அந்தத் தொகை உரிமையாளரின் கையில் சேர்ந்துவிட வேண்டும் என்பதே நம் மார்க்க அறிஞர்களின் வழிகாட்டல். சேர்ப்பதுதான் கடமை, தன்னைத்தானே அம்பலப்படுத்திக்கொள்வது கடமையன்று.

"பிடிபட்டது முதல் தடவை, செய்தது எத்தனையாவது தடவையோ" என்று சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. அந்தச் சந்தேகம் பெற்றோருக்கு வரட்டும். தனியே அமர்த்தி அன்போடு கேட்டு, முன்பு எடுத்தது ஏதேனும் இருந்தால் அதையும் திருப்பிக் கொடுக்கவைக்கட்டும். தெருவில் நிற்பவனுக்கு அந்தக் கேள்வியில் வேலையில்லை.

அடுத்த வசனத்தை ஏன் ஓதுவதில்லை?

இத்தகைய காட்சிகளின் கீழே நம்மவர்கள் தவறாமல் எழுதுவது, "ஷரீஅத் சட்டம் இருந்திருந்தால் கை போயிருக்கும்" என்பதாகும். அல்மாயிதா அத்தியாயத்தின் 38ஆம் வசனம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதை ஒட்டியே வருகிற 39ஆம் வசனம், அநியாயம் செய்தபின் தவ்பா செய்து தன்னைத் திருத்திக்கொள்பவரை அல்லாஹ் மன்னித்து ஏற்கிறான் என்று அறிவிக்கிறது. ஓதும்போது இரண்டையும் ஓதுகிறோம். எழுதும்போது மட்டும் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்?

மேலும் அந்தத் தண்டனை எல்லாத் திருட்டுக்கும் உரியதன்று. ஆட்சியாளரும் நீதிபதியுமன்றி வேறு யாரும் நிறைவேற்றக்கூடியதுமன்று. பொருளுக்குக் குறைந்தபட்ச மதிப்பு வேண்டும்; ஷாஃபிஈ மத்ஹபில் அது கால் தீனார், அதாவது ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான தங்கம்; ஹனஃபி மத்ஹபில் பத்து திர்ஹம் வெள்ளி. பருவமடைந்தவராக இருக்க வேண்டும். பொருள் உரிய பாதுகாப்பில் இருந்திருக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமிருந்தால் தண்டனை இல்லை. பஞ்ச காலத்தில் உமர் (ரலி) அவர்கள் அதை நிறுத்திவைத்தார்கள் என்று நம் நூல்களில் படிக்கிறோம். இத்தனை நிபந்தனைகளை விதித்த ஃபிக்ஹு நூல்களைப் பக்கம் புரட்டாதவர்கள், கைப்பேசியின் பொத்தானை அழுத்தித் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

மக்ஸூம் குலத்துப் பெண்ணின் நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். உயர்குலப் பெண் என்பதால் உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்க அனுப்பினார்கள். தம் மகள் ஃபாத்திமாவே ஆயினும் சட்டம் ஒன்றுதான் என்று நபி (ஸல்) அவர்கள் உறுதியாகக் கூறிவிட்டார்கள். பெரும்பாலான பேச்சாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புகாரியிலும் முஸ்லிமிலும் நிகழ்ச்சி அங்கே முடியவில்லை. அந்தப் பெண் அதன்பின் அழகிய முறையில் தவ்பா செய்தார், திருமணம் செய்துகொண்டார், தேவை ஏற்படும்போது தம் இல்லத்துக்கு வருவார், அவரது தேவையைத் தாமே நபியவர்களிடம் எடுத்துச் சொல்வதுண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். தண்டனை நிறைவேறிய ஒரு பெண்ணுக்கு இறைத்தூதரின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. 180 ரூபாய்ப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பதினான்கு வயதுச் சிறுவனுக்கு நம் பள்ளிவாசலின் கதவு திறந்திருக்கவில்லை.

பள்ளிவாசலில் திருடுபோன மேலாடை

"வீடியோ போட்டால்தான் மற்றவர்கள் பயப்படுவார்கள்" என்பது நம்மவர்களின் பெரிய வாதம். ஸஃப்வான் பின் உமையா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் உறங்கிக்கொண்டிருந்தபோது அவர்களின் மேலாடை திருடப்பட்டது. திருடனைப் பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். தண்டனை தீர்ப்பானதும் ஸஃப்வானின் மனம் இளகியது; மேலாடையை அவனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். என்னிடம் கொண்டு வருவதற்கு முன்பே இதைச் செய்திருக்கலாமே என்பதுதான் நபியவர்கள் கேட்ட கேள்வி (அபூதாவூத், நஸாஈ). வழக்கு நீதிபதியிடம் சென்றபின் சட்டம் தன் கடமையைச் செய்யும். அதற்கு முன் மன்னிக்கவும் மறைக்கவும் இடமுண்டு என்பதே இதன் பாடம்.

மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரை நோக்கி, அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்று ஒருவர் சொன்னபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி). தண்டனை பெற்றவரைக்கூட ஏசக் கூடாது எனில், விசாரணையே நடக்காத ஒரு சிறுவனைப் பற்றி நாம் குழுக்களில் எழுதியவற்றுக்கு என்ன பதில்?

இறுதி ஹஜ்ஜின் பேருரையில், மனிதரின் உயிரும் பொருளும் மானமும் ஒருசேரப் புனிதமாக்கப்பட்டன. மறுமையில் திவாலாகிப்போகிறவர் யார் என்று விளக்கிய நபிமொழியிலும் (முஸ்லிம்), பிறர் பொருளை உண்டவரும் பிறரை ஏசியவரும் அவதூறு சொன்னவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவரின் தொழுகையும் நோன்பும் பாதிக்கப்பட்டவருக்கே பங்கிடப்படுகின்றன. ரமளானின் கடைசிப் பத்தில் நாம் சேர்த்த நன்மைகளில் எத்தனை பங்கு அந்தச் சிறுவனின் கணக்குக்குப் போயிற்றோ, அல்லாஹ்வே அறிவான்.

நாட்டின் சட்டம் நம்மைவிட இரக்கமுள்ளது

நம் குடும்பங்களில் பலருக்கு இதன் சட்டப் பக்கம் தெரிவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவுப்படி திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டும் கூடுதலாக ஐந்தாண்டும் கடுங்காவல். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்தச் சலுகை இல்லை. பொருளைத் திருப்பிக் கொடு, ஊருக்கு ஒரு நன்மை செய், வீட்டுக்குப் போ என்கிற இந்த வழி நம் தவ்பாவின் நிபந்தனைகளை நினைவூட்டவில்லையா?

எனினும் இதை நம்பி அலட்சியம் கொள்ள வேண்டாம். பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று 305ஆம் பிரிவில் வழக்குப் பதிந்தால், ஏழாண்டு வரை சிறைக்கு இடமுண்டு; மேற்சொன்ன சலுகை அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் பெறுவதற்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும். வளைகுடாவுக்குச் செல்வதையே வாழ்வாதாரமாக எண்ணியிருக்கும் நம் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முதன்முறை குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ விடுவிக்க 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் வழி செய்கிறது. 303(2) பிரிவில் வரும் வழக்கைப் பொருளின் உரிமையாளர் சமரசமாக முடித்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். அவர்களைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது. கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். பதியாமல் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டு செல்வதே விதி. அந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவை நம் குழு நிர்வாகிகள் கவனிக்கட்டும்: சட்டத்துக்கு முரண்பட்ட சிறுவரின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ எந்தத் தகவல் தொடர்பு வழியிலும் வெளியிடுவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவன் செய்த குற்றத்துக்குச் சட்டம் அவனை லாக்கப்பில்கூட வைக்காது. நாம் செய்த குற்றத்துக்கு நம்மைச் சிறைக்கே அனுப்பலாம்.

கூட்டம் நீதிபதியானால்

கோவை மாவட்ட எல்லையை ஒட்டிய கேரளத்து அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று, கடைகளில் உணவுப் பொருள்களைத் திருடியதாகச் சொல்லி மது என்கிற பழங்குடி இளைஞரைக் கைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. அந்தக் கூட்டத்தில் பல சமயத்தவரும் இருந்தார்கள். கலிமா சொன்னவர்களும் இருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 ஜூனில், ஜார்க்கண்டில் மோட்டார் சைக்கிள் திருடன் என்று சொல்லி தப்ரேஸ் அன்சாரியைக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். சில நாள்களில் அவர் இறந்தார். அந்தக் காட்சியைக் கண்டு நாம் கண்ணீர் விட்டோம், துஆ செய்தோம், கண்டனக் கூட்டம் நடத்தினோம். "திருடனாகவே இருந்தாலும் அடிக்க இவர்கள் யார்?" என்று அன்று கேட்டோம். சரியான கேள்வி. அதே கேள்வியை நம் தெருவில், நம் கடையில், நம் குழுவில் கேட்கிறோமா?

2025 செப்டம்பரில் பெங்களூருவின் அவென்யூ சாலையில், புடவைகளைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணைக் கடைக்காரர் நடுத்தெருவில் இழுத்து உதைத்த காட்சி நாடெங்கும் பரவியது. பெண்மீது திருட்டு வழக்கு; உரிமையாளரும் ஊழியரும் தாக்கிய வழக்கில் கைது. புடவை தொழிலால் வாழ்கிற நம் பகுதி வியாபாரிகள் இதிலிருந்து பாடம் பெற வேண்டும்.

இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் ஒரு பர்ஸைத் திருடிய சிறுவனை விசாரித்த நீதிபதி, அவன் பசித்திருந்த தன் தாய்க்காக அதைச் செய்ததை அறிந்தார். அவனை விடுவித்ததோடு, அந்தக் குடும்பத்துக்கு உணவும் உடையும் கிடைக்க ஏற்பாடு செய்யச் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு அப்பாத் பின் ஷுரஹ்பீல் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பஞ்சத்தில் ஒரு தோட்டத்துக்குள் புகுந்து கதிர்களை எடுத்த அவரைத் தோட்டக்காரர் அடித்து ஆடையைப் பறித்துக்கொண்டார். நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது தோட்டக்காரரைத்தான்: அறியாதவனாக இருந்தான், நீ கற்றுத்தரவில்லை, பசித்தவனாக இருந்தான், நீ உணவளிக்கவில்லை என்ற கருத்தில் பேசி, ஆடையைத் திருப்பிக் கொடுக்கவைத்து, உணவு தானியமும் வழங்கினார்கள் (அபூதாவூத்).

முன்வரிசையில் யார்?

முன்சென்ற சமுதாயங்கள் அழிந்ததற்கு, உயர்ந்தவன் திருடினால் விட்டுவிட்டு எளியவன் திருடினால் தண்டித்ததே காரணம் என்று மக்ஸூம் குலப் பெண்ணின் நிகழ்ச்சியிலேயே நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வக்ஃபு நிலத்தில் கடை கட்டி, பல ஆண்டுகளாக வாடகை தராதவர் நம் ஊர்களில் இல்லையா? சகோதரிகளின் வாரிசுப் பங்கை விழுங்கியவர் இல்லையா? கூலித் தறிக்காரருக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, புடவை திரும்பும்போது எடையில் கள்ளம் செய்து கூலியைப் பிடிப்பவர் இல்லையா? அவர்களில் யாருடைய காட்சியாவது நம் குழுவில் வந்ததுண்டா? அவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். நாம் எழுந்து இடம் விடுகிறோம். தறிக்காரரின் மகன் 180 ரூபாய்க்கு ஊரைவிட்டே போகிறான்.

செய்ய வேண்டியவை

கடைக்காரச் சகோதரர்களே, உங்கள் நட்டம் உண்மையானது. காவல்துறையிடம் ஒப்படைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சட்டப்படி பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். அடிப்பதற்கும், அறையில் பூட்டிவைப்பதற்கும், மிரட்டிப் பத்து மடங்கு பணம் பறிப்பதற்கும் உரிமை இல்லை. சிசிடிவி பதிவு காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது, வாட்ஸ்அப்புக்கு உரியதன்று. முதல் தடவை என்றால், பெற்றோரை அழைத்து, பொருளையோ விலையையோ பெற்றுக்கொண்டு மறைத்துவிடுங்கள். பிறரின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பதாக வாக்களித்திருக்கிறான்.

பெற்றோர்களே, திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதன்பின் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். வழக்கு என்று வந்துவிட்டால் இடைத்தரகரைத் தேடி அலையாமல் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவியை நாடுங்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமான வரம்பின்றி அது கிடைக்கும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, இத்தகைய காட்சி குழுவுக்கு வந்தால் அழியுங்கள், அனுப்பியவரைக் கண்டியுங்கள். அந்த வீட்டுக்கு இருவர் செல்லுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்து வாருங்கள்.

எங்கள் பகுதியில் பட்டுத் தறியில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி எடுத்து முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறார். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் அறுத்தெறிபவரை நான் பார்த்ததில்லை.

அந்தச் சிறுவனின் தந்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பெங்களூருவுக்குச் சென்று பையனிடமும் கேட்க வேண்டும். அவன் திரும்பி வந்தால், அவன் விட்ட இடத்திலிருந்து ஓதிக்கொடுக்க நான் காத்திருக்கிறேன். அந்தக் காட்சியைப் பார்த்தும் பரப்பியும் விட்ட மற்றவர்கள், அவன் வரும் நாளில் ஸலாம் சொல்ல முந்திக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதற்கு நமக்கு இருக்கும் வழி அது ஒன்றுதான்.

பிறர் பொருளிலிருந்து நம் கைகளையும் பிறர் மானத்திலிருந்து நம் நாவுகளையும் அல்லாஹ் காப்பானாக! நம் பிள்ளைகளின் தவ்பாவையும் நம் தவ்பாவையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.